படுத்த திரையை நிமிர்த்தும் மோட்டார்

ஆர்கேட் பெட்டி தெரியுமில்லையா? காசு போட்டு நின்னுக்கிட்டே வீடியோ கேம் ஆடுவாங்களே, அதுதான். 1997-ல் மேம் என்கிற எமுலேட்டர் வந்த பிறகு, கம்ப்யூட்டரை மரப்பெட்டிக்குள் வைத்து இதை வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆசாமிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளம்.

அவர்களுக்கு ஒரு தலைவலி. 1981-ல் வந்த கலாகாவில் எதிரிகள் மேலேயிருந்து இறங்குவார்கள், அதனால் திரை நெட்டையாக நிற்கும். 1991-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ள வேண்டும், திரை படுத்திருக்கும். பெட்டியோ ஒன்று!

படுத்த திரையிலேயே கலாகா ஆடினால் என்ன? ஆடலாம். ஆனால் 4:3 அளவுள்ள 19 அங்குல மானிட்டரில் படம் சுமார் 14 அங்குலமாகச் சுருங்கிவிடும். பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பயன்படும், மிச்சமெல்லாம் கறுப்பு. கையால் திருப்பலாம் என்றால் முன்னால் கண்ணாடி இருக்கிறது. அதனால்தான் மோட்டார்.

செய்முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எல்.சி.டி. மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். அதில் ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் சுழலும் பேரிங், அதைத் திருப்ப கார் வைப்பரின் 12 வோல்ட் மோட்டார். மெதுவாகச் சுற்றும், ஆனால் நல்ல இழுவிசை. எது நெட்டைத் திரை கேம் என்பது மேமின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆடப்போகும் கேமைப் பார்த்து ஒரு சின்ன நிரல் ஆர்டுயினோவுக்குச் சொல்ல, அது ரிலே வழியாக மோட்டாரை ஓட்டும். படத்தைத் திருப்ப மேமில் ஆட்டோரோர், ஆட்டோரோல் என்று இரண்டு வசதிகள். மாற்றிப் போட்டால் கலாகா தலைகீழாக நிற்கும்!

சிக்கல் வேறு இடத்தில். 90 டிகிரியில் நிறுத்த இரண்டு முனையிலும் ஒவ்வொரு சுவிட்ச் வைப்பார்கள். அது ஒருநாள் வேலை செய்யாவிட்டால்? மோட்டார் நிற்காது, கேபிளைப் பிய்த்துக்கொண்டு சுற்றும். அதனால் கெட்டியான முட்டுக்கட்டை ஒன்றும், சரியான ஃபியூஸ் ஒன்றும் கட்டாயம். திரை கட்டையில் மோதி நின்றதும் மின்னோட்டம் எகிறும், ஃபியூஸ் போகும், மானிட்டர் பிழைக்கும். திரும்பும்போது மூலைகள் இடிக்காமலிருக்க, சட்டத்தோடு சேர்த்து அளந்த மூலைவிட்டத்தைவிடப் பெரிய இடமும் வேண்டும்.

பழைய டியூப் மானிட்டர் என்றால் இன்னும் ஜாக்கிரதை. கனம் அதிகம். திருப்பினால் பூமியின் காந்தப்புலத்தால் நிறம் திட்டுத்திட்டாகும், ஒவ்வொரு தடவையும் டீகாஸ் செய்ய வேண்டும். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால் மோட்டார் கடைசிச் செலவு. முதல் வேலை சமநிலை. 4 கிலோ மானிட்டரின் எடை மையம் அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருந்தாலே, ஒவ்வொரு திருப்பத்திலும் மோட்டார் அந்தப் பாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒற்றை விரலால் தள்ளினால் சுற்றுகிறதா? அப்புறம் மோட்டார் வாங்கலாம். சுற்றவில்லையென்றால் எவ்வளவு பெரிய மோட்டாரும் காப்பாற்றாது.