சுண்ணக்கல் நீரில் மலைத் தேயிலை

யாழ்ப்பாணத்துத் தேநீருக்கு நிறமே முதல் இலக்கணம். கொதிநீரில் தூளைத் தாராளமாக இட்டு, கறுக்கும்வரை ஊறவிட்டு, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு அருந்துவது நம்மவர் வழக்கம். இதனையே நாம் 'வெறுந்தேத்தண்ணி' என்கிறோம். மலையகத்தார் 'சாயத்தண்ணி' என்பர்.

நுவரெலியாத் தேயிலையோ இவ்விலக்கணத்துக்கு அடங்காதது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், குளிரின் காரணமாகக் கொழுந்து மெல்ல மெல்லவே வளர்கிறது. தை முதல் பங்குனி வரையான வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் அதன் வாசனையைச் செறிவாக்குகின்றன. சாயம் இளம்பொன்னிறம், மணம் பூவின் சாயலுடையது. அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடிவைத்தாற் போதும். மேலும் ஊறினால் துவர்ப்பு மிகுந்து மணத்தை மறைத்துவிடும். இதே செடியின் இலையைத் தைவானின் அலிஷான் மலையில் அரைகுறையாக ஒட்சியேற்றி 'ஊலோங்' ஆக்குகின்றனர். சிறு கேத்தலில் அவ்விலையை மீண்டும் மீண்டும் ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் மாறும் சுவையை அறிந்து அருந்துவராம். அத்தகைய பொறுமை நமக்கு வாய்ப்பது அரிது.

விடுதித் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு எனக்கொரு பொதி மலைத் தேயிலை தந்தாள். மார்கழி விடுமுறையில் மானிப்பாய்க்கு எடுத்துச் சென்று, அவள் சொன்னவாறே வீட்டுக் கிணற்று நீரில் தயாரித்தேன். சாயம் மங்கிக் கறுத்தது, மேலே மெல்லிய ஆடை படர்ந்தது, மணம் இல்லை. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். அதனூடாக ஊறும் நீரிற் கரைந்துள்ள கல்சியம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு கூடுவதன் விளைவே இது. (தமிழில் இரசாயன நூல் வெளிவரச் செய்த கிறீன் வைத்தியர் வாழ்ந்த ஊரில் இதையேனும் அறியாதிருக்கலாகாது!) மறுநாள் பெய்த மழையில், ஓடு நன்கு கழுவுண்ட பின் வழிந்த நீரை ஏந்திக் காய்ச்சினேன். அதே இலை, அதே அளவு, அதே மூன்று நிமிடம். கோப்பையில் பொன்னிறம் தெளிந்தது. மணம் அடுக்களை முழுதும் பரவியது. அம்மா எட்டிப் பார்த்து, "இதென்ன பிள்ளை, நிறமே காணேல்லை? இன்னும் கொஞ்சம் தூள் போடு" என்றார்.

விடுதிக்குத் திரும்பி இதனைக் கூறியபோது தோழி சிரித்தாள். கொழுந்து பறிப்பவர் அவளுடைய தாயார்; ஆயினும் அவர்களது லயத்திலும் அன்றாடம் கொதிப்பது தூளே. மூன்று நிமிடக் கணக்கைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாமாவிடமே அவள் கற்றாளாம். நல்ல இலை கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்துவிடுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தவர்களின் கொள்ளுப்பேத்தி அவள். 2023இல், தம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தனர். எங்கள் ஊரிலோ 'தோட்டக்காட்டார்' என்ற சொல் இன்னமும் சில திண்ணைகளில் கூச்சமின்றி ஒலிக்கிறது, கையில் தேநீர்க் கோப்பையுடன். அச்சொல்லை அவளும் கேட்டிருக்கிறாள். எங்கே என்று நான் வினவவில்லை.

வரும் மார்கழியில் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மழைநீர் ஏந்த அம்மா புதுக் குடம் ஒன்று வாங்கிவைத்திருக்கிறார். தூளின் அளவில் மட்டும் அவர் இன்னும் இணங்கவில்லை.