தொப்பூர் ஏற்றத்தில் ஒரு ‘கீச்’ சத்தம்!

சேலத்திலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு தருமபுரி மாவட்டத்தின் வாசற்படி தொப்பூர்தான். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கேதான் மலைகளுக்கு நடுவே வளைந்து ஏறுகிறது. பழைய டிரைவர்களுக்கு இன்றைக்கும் அது ‘என்.ஹெச். ஏழு’தான். இரண்டு பக்கமும் பாறையும் புதர்க்காடும். தடுப்புச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து வண்டிகளை வேடிக்கை பார்க்கும் குரங்குகள். ‘விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று அடிக்கடி எச்சரிக்கைப் பலகைகள்.

அந்தப் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. 2020 டிசம்பரில், சேலம் நோக்கி இறங்கும் பாதையில் கட்டுப்பாடு இழந்த ஒரு சரக்கு லாரி, முன்னால் நின்ற வாகனங்கள் மீது அடுத்தடுத்து மோதியதில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். தொப்பூர் இரட்டைப் பாலம் என்றாலே இந்தப் பக்கத்து மக்கள் முகம் மாறிவிடும். இறங்குகிற லாரிக்கு பிரேக்தான் உயிர். ஏறுகிற காருக்கோ இன்ஜின் சூடேறாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்பந்தமுள்ள ஒரு பொருள், பானெட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதுதான் பெல்ட்.

கோடை விடுமுறையில் ஒகேனக்கல் போகக் கிளம்பிய எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பெல்ட் தன் இருப்பைச் சத்தம் போட்டே சொன்னது. பத்து வயதைத் தாண்டிய டீசல் கார். ஐந்து பேர், பின்னால் இரண்டு பெட்டி, சாப்பாட்டுக் கூடை, முழு வேகத்தில் ஏ.சி. தொப்பூரில் ஏறத் தொடங்கியதும் முன்பக்கத்திலிருந்து ‘கீஈஈச்’ என்று நீளமாக ஓர் அலறல். ஏ.சி-யை அணைத்தால் குறைந்தது. போட்டால் மறுபடி அலறியது.

“ஃபேன் பெல்ட் கத்துதுடா” என்றார் அப்பா, முன் சீட்டிலிருந்து.

ஃபேன் இல்லாத ஃபேன் பெல்ட்

அப்பா ஓட்டிப் பழகியது அம்பாசடர். அந்தக் காரில் ‘V’ வடிவப் பெல்ட் ஒன்று ரேடியேட்டர் ஃபேனையும் வாட்டர் பம்ப்பையும் பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் டைனமோவையும் சேர்த்துச் சுழற்றும். அதனால் வந்த பெயர் ஃபேன் பெல்ட். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது இருப்பது தட்டையான நீளப் பெல்ட். உள்பக்கம் கோடு கோடாகப் பள்ளங்கள் இருக்கும். இன்ஜின் அடியிலுள்ள கிராங்க் புல்லியில் கிளம்பி, ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் என்று பாம்பு மாதிரி வளைந்து வளைந்து சுற்றி வரும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் அதன் பம்ப்பும், பல கார்களில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான். பெல்ட் தொய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க, ஸ்பிரிங் வைத்த ‘டென்ஷனர்’ ஒன்று உண்டு.

கணவாயில் நிறுத்த இடமும் இல்லை, நிறுத்துவது நல்லதும் இல்லை. ஏ.சி-யை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, டெம்பரேச்சர் முள்ளின் மீது ஒரு கண் வைத்தபடி மெதுவாக ஏறி, நல்லம்பள்ளி வந்து சேர்ந்தோம். சாலையோரம், புளியமரத்து நிழலில் ஒரு சின்ன மெக்கானிக் ஷெட். நாற்பது வயது மதிக்கத்தக்க அண்ணன் ஒருவர், லாரி சக்கரம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் சொன்ன சாட்சி

“பெல்ட்டுதானே... ஆறு மாசத்துக்கு முன்னாலதான் எங்க ஊர்ல புதுசு மாத்தினோம் அண்ணா” என்றேன்.

“இருக்கட்டும் சார். ஸ்டார்ட் பண்ணுங்க, கேட்கலாம்.”

கையில் எந்த மெஷினும் இல்லை. முதலில் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியில் சின்ன ஓட்டை. ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் கோடு போட்ட பக்கத்தில், கையை எட்ட வைத்துக்கொண்டே கொஞ்சமாகப் பீய்ச்சினார். சத்தம் அடங்கவில்லை. இன்னும் பெரிதாக அலறியது.

“பார்த்தீங்களா? தண்ணி பட்டதும் சத்தம் ஏறுனா பெல்ட் வழுக்குதுன்னு அர்த்தம். பிடிப்பு பத்தல. தண்ணி பட்டதும் கொஞ்ச நேரம் அடங்கி, காய்ஞ்சதும் திரும்ப வந்தா, புல்லி எதுவோ கோணலா நிக்குதுன்னு அர்த்தம்” என்றார்.

வழுக்கும் பெல்ட் ‘கீஈஈச்’ என்று நீளமாகக் கத்தும். வண்டியைக் கிளப்பியவுடன், ஏ.சி. போட்டவுடன், ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது என, சுமை கூடுகிற நேரங்களில் அதிகமாகும். புல்லி கோணலாக இருந்தால் குருவி மாதிரி ‘கிச்... கிச்...’ என்று விட்டுவிட்டு வரும். ‘கரகர’வென்று அரைக்கிற சத்தம் என்றால் பெல்ட் மேல் பழி போடக் கூடாது. ஏதோ ஒரு புல்லியின் பேரிங் தேய்ந்திருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றினால், எது உறுமுகிறது, எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஆறவிட்ட பிறகுதான் பெல்ட்டில் கை வைத்தார். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வழுக்கி வழுக்கி, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. டென்ஷனரை ஸ்பேனர் போட்டு அசைத்தார். விறைப்பாக எதிர்க்க வேண்டிய ஸ்பிரிங், சொன்னபடி வளைந்து கொடுத்தது.

“புது பெல்ட் போட்டா மட்டும் போதுமா சார்? அதை இழுத்துப் பிடிக்கிற கை ஓய்ஞ்சு போச்சே!”

அதுதான் விஷயம். முன்பு பார்த்த ஒர்க் ஷாப்பில் சத்தத்துக்கு மருந்து கொடுத்தார்கள். நோய் அப்படியே இருந்திருக்கிறது.

ஒரு மணி நேரக் காத்திருப்பு

தருமபுரி டவுனிலிருந்து டென்ஷனரும் பெல்ட்டும் பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அம்மா கூடையைத் திறந்து புளிசாதம் பரிமாறினார். மெக்கானிக் அண்ணனுக்கும் ஒரு தட்டு போனது.

“தம்பி, சோப்பு தடவினா சத்தம் நிக்கும்னு சொல்வாங்களே?” என்று கேட்டார் அப்பா.

“நிக்கும் ஐயா, கொஞ்ச நேரத்துக்கு. அப்புறம் இன்னும் வழுக்கும். சோப்பு, கிரீஸ், ஸ்பிரே எதுவும் இந்த மாதிரி பெல்ட்டுக்கு ஆகாது. ஆயிலோ கூலன்ட்டோ கசிஞ்சு பட்டாலும், கசிவை அடைக்காம பெல்ட்டை மட்டும் மாத்துறது தண்டம்.”

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் பெரும்பாலும் இன்ஜினிலிருந்தே கிடைத்துவிடும். டீசல் வண்டிக்குத் தனி வேக்கும் பம்ப் வேண்டும். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர் நிற்கும், கூடவே பம்ப்பும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் ஓரிரு தடவை பிரேக் பிடிக்கலாம். அதன்பிறகு பெடல் கல்லாகிவிடும். முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

“நீங்க ஒகேனக்கல் போறீங்க. பென்னாகரம் தாண்டினா காட்டுக்குள்ள இறக்கம். அங்க இது அறுந்திருந்தா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எங்கள் காரிலும் பம்ப் இருந்தது ஆல்டர்னேட்டரின் முதுகில்தான்.

பைரவரிலிருந்து காவிரி வரை

சத்தமில்லாத காரில் கிளம்பினோம். வழியில் அதியமான்கோட்டை. அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயரைச் சுமந்திருக்கும் ஊர். இங்குள்ள காலபைரவர் கோயிலில், தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்ற எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நாங்கள் போனது சாதாரண நாள் என்பதால் நிதானமாகக் கும்பிட முடிந்தது. அந்தக் காலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர்.

பென்னாகரம் தாண்டியதும் காற்று மாறுகிறது. காடு நெருங்கி வர, சாலை வளைந்து வளைந்து காவிரியை நோக்கி இறங்குகிறது. இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தபடி இறங்கினேன். அருவிச் சத்தம், எண்ணெய் மசாஜ், பரிசல், பொரித்த மீன் என்று ஒகேனக்கல் எப்போதும் போல ஒகேனக்கல்லாகவே இருந்தது. சாயங்காலம் அதே மலையில் ஏறித் திரும்பும்போது ஏ.சி. ஓடியது. முள் நடுவிலேயே நின்றது.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

* காலையில் முதல் ஸ்டார்ட்டில் காதைக் கொடுங்கள். ஈரத்தால் ஒரு நொடி கத்தி அடங்கினால் பயமில்லை. தினமும் கத்தினால் காட்டிவிடுங்கள்.

* பெல்ட்டின் பள்ளங்களில் விரிசல், பிய்ந்த ஓரம், பளபளப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்றைய ரப்பர் விரிசல் விடாமலே தேய்ந்துபோகும். அதனால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவதே சரி.

* பெல்ட் மாற்றும்போது டென்ஷனரையும் மற்ற புல்லிகளையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

* ஓடும் இன்ஜினுக்குப் பக்கத்தில் துப்பட்டா, வேட்டி, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். இன்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழலலாம்.

* ஓடும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்து, ஸ்டீயரிங் கனத்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். பதறாமல் இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தி, நின்ற பிறகே இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

* இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை அணைப்பது அதைவிட ஆபத்து.

உங்கள் காரில் வேக்கும் பம்ப்பும் வாட்டர் பம்ப்பும் எந்தப் பெல்ட்டில் ஓடுகின்றன என்று அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்டு வையுங்கள். தொப்பூரோ, ஏற்காடோ, கொல்லிமலையோ, எந்த மலைக்குக் கிளம்புவதாக இருந்தாலும் அந்தப் பதில் தெரிந்திருப்பது நல்லது.