ராஜுலாவின் வெள்ளைப் பட்டைகள்

வாப்பாவின் வலக்கண் பார்வை போய்விட்டது. இடக்கண்ணும் மங்கி வருகிறது. அவர் பத்து வயதில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய கப்பல் ராஜுலா. அதன் மாதிரியை, அவர் பார்க்கும்படியாக முடித்துவிட வேண்டும் என்று காக்கா, தம்பி நாங்கள் இருவரும் அவசரப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடிய கப்பல் அது. பழைய ஒளிப்படங்களைப் பார்த்து, பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி, 350இல் ஒரு பங்கு அளவில் கட்டினோம். நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய உருவில் தூரிகையின் தடம் கயிறு போலத் துருத்தித் தெரியும் என்பதால் ஏர்பிரஷ் வாங்கினோம்.

அதன் விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னுக்கு இழுத்தால் வண்ணமும் வரும். நிறுத்தும்போது முதலில் வண்ணம், பிறகே காற்று. மாற்றிச் செய்தால் முனையில் தேங்கும் துளி, அடுத்த முறை மாதிரியின்மேல் தெறிக்கும். பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிய படலங்களாக அடித்தோம். அக்கப்பலின் புகைபோக்கி கறுப்பு. அதில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். முழுவதும் வெள்ளை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, பட்டைகளின்மேல் நாடா ஒட்டி, அதன்மீது கறுப்பு அடிக்கவேண்டும்.

கறுப்பைக் கிண்ணத்தில் ஊற்றி ஓரிரு முறைதான் அடித்திருப்போம், மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. எழுந்து போனோம். தொழுகை முடிந்து வந்தால் வீட்டில் விருந்தாளிகள். இஷாவுக்குப் பிறகுதான் ஏர்பிரஷ் நினைவுக்கு வந்தது. 0.3 மில்லிமீட்டர் துளைக்குள் அக்ரிலிக் வண்ணம் கல்லாகியிருந்தது. குறடால் இழுத்ததில் ஊசி முனை வளைந்தது; திருகியதில் நாசில் விரிசல் விட்டது. கழுவுவது யார் முறை என்ற வாக்குவாதத்தில் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சகோதரனிடம் மூன்று நாளுக்குமேல் பேசாதிருக்கக் கூடாதென்பது நினைவிருந்ததோ, வாப்பாவின் முகம் பார்த்தோமோ, மூன்றாம் நாள் உதிரிப்பாகங்களுக்குச் சேர்ந்தே சொல்லியனுப்பினோம்.

அவை வரப் பதினெட்டு நாளாயிற்று. வாப்பா பொறுக்கவில்லை. "கழுவுறத என்கிட்ட குடுங்க" என்றார். கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டி, தின்னர் ஊற்றி, தெளிவாக வரும்வரை பழைய துணியில் பீய்ச்சுவார். முனையைத் துணியால் மூடி விசையை இழுத்தால் காற்று பின்வாங்கிக் கிண்ணத்தில் குமிழிகள் எழும். உள்ளே ஒட்டியதெல்லாம் பெயர்ந்து வரும். பின்பு ஊசியை உருவி, பருத்த பக்கத்திலிருந்து கூர்முனை நோக்கித் துடைப்பார். முனை சிறிதே வளைந்திருந்தாலும் எங்கள் கண்ணுக்குத் தப்பும். அவர் நகத்துக்குத் தப்பாது. முழுக்கருவியையும் தின்னரில் ஊறப்போட மட்டும் விடமாட்டோம். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் உப்பிவிடும்.

நேற்று ளுஹருக்குப் பின் நாடாவை உரித்தோம். பட்டைகள் பிசிறின்றி வந்திருந்தன. வாப்பா இடக்கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு கறுப்பா இருக்காது. மேல புகை படிஞ்சு சாம்பலா இருக்கும்" என்றார்.

கிண்ணத்தில் சாம்பல் நிறம் கரைத்தோம். அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.