பதினொரு படுக்கையின் கணக்கு

மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் காலையில் எவ்வளவு சீக்கிரம் போனாலும் நமக்கு முன்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மாவைக் கூட்டி வந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இந்தத் தடவை காசு கட்டுற பக்கந்தாண்ணே. அப்பாவுக்கு அந்தப் பக்கம் பாத்தோம், அப்பக் கையில இல்ல” என்றார். வருமானச் சான்று ஏதும் கேட்பதில்லை. இலவசமா, கட்டணமா என்பதை வருகிறவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் கருணையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவது வழக்கம். நான் பார்க்க வந்தது வரவு செலவை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற அவர், 1976-இல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். அதில் ஆறு காசில்லாதவர்களுக்கு, ஐந்து கட்டக்கூடியவர்களுக்கு. வங்கிக் கடன் கிடைக்கவில்லை, குடும்ப நகைகள் அடகுக்குப் போயின. பிறகு கட்டிய கட்டடமும் கையில் காசு சேரச் சேர மாடி மாடியாகத்தான் எழுந்தது. இன்றும் அன்றாடச் செலவுக்கு நன்கொடையை எதிர்பார்ப்பதில்லை. ஏறக்குறைய பாதி அறுவைகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன.

அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்பது அறுவை அரங்கில்தான் விளங்கியது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகிவிடுகிறார். முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைப் பக்கத்து மேசைக்குத் திருப்பிக்கொள்கிறார், அவ்வளவுதான். செலவில் பெரியது மருத்துவரின் நேரம், அது வீணாவதில்லை. மற்ற வேலையெல்லாம் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து, இங்கேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்களின் கையில். பல வீடுகளில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள். கருணையைப் புகழ்கிறவர்கள் இந்தப் பெண்களின் உழைப்பை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு உறுத்தல்.

இரண்டு பக்கமும் எல்லாம் ஒன்றல்ல. இலவசப் பிரிவில் பெரும்பாலும் விலையுயர்ந்த இயந்திரம் தேவைப்படாத சிறுகீறல் முறை. கட்டணப் பிரிவில் மடிக்கக்கூடிய லென்ஸ், தனி அறை. ஆனால் மருத்துவர்கள் இரு பக்கமும் முறைவைத்துப் போகிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. கட்டணம் கட்ட முடியாதவருக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது அதனால்தான்.

அறுவை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஜனங்கள் வந்துவிடவில்லை என்பது கிராமங்களில் நடத்திய ஆரம்ப கால கண் முகாம்களில் கிடைத்த பாடம். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி: இவை தடுத்தன. அதனால் போக்குவரத்தும் சாப்பாடும் இலவசத்தில் சேர்ந்தன. முகாம் ஏற்பாட்டுச் செலவை உள்ளூர்ச் சங்கங்கள் ஏற்றன. அந்தச் செலவும் வீணில்லை: பார்வை போன பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் கூடவே இன்னொருவரின் வேலையும் முடங்குகிறது. பார்வை திரும்பினால் இரண்டு பேர் வேலைக்குப் போகலாம்.

இதே கணக்கை எல்லா நோய்க்கும் நீட்ட முடியாது. கண்புரை சில நிமிட வேலை. ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. பெரும்பாலும் ஒரு தடவையோடு முடியும். புற்றுநோய்க்கு இரண்டு மேசை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.