கான்டஸாவும் குமுளி மலைப்பாதையும்

எங்க கூடலூரில் பனிக்கட்டி எல்லாம் கொட்டாது. ஆனா பின்சக்கரத்தில் ஓடும் காரை வெளிநாட்டுக்காரர்கள் பனியில் ஓட்டிப் படும் பாட்டைப் படித்தால், எனக்குப் போன ஜூன் மாதம்தான் ஞாபகம் வருது.

மாமாவிடம் ஒரு பழைய கான்டஸா இருக்கு. 2002-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் என்று பீற்றிக்கொள்வார் (அத்தை வைத்திருக்கும் பெயர் வேறு). எஞ்சின் முன்னால், தள்ளுவது பின்சக்கரம். லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது பாரம் பின்னால் சாயும், டயர் நல்லாப் பிடிக்கும். இறங்கும்போதுதான் வம்பு. பாரமெல்லாம் முன்னால் போய், பின்பக்கம் லேசாகிவிடும்.

அன்று காலை குமுளியிலிருந்து இறங்குகிறோம். நல்ல சாரல். ஒரு கொண்டை ஊசி வளைவில் பட்டென்று இரண்டாவது கியருக்கு மாற்றி கிளட்சை விட்டேன். எஞ்சின் பின்சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்த, வண்டியின் வால் பள்ளத்துப் பக்கம் நழுவியது. எதிரே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்!

"பிரேக்க மிதிக்காதடா! கிளட்ச அமுக்கு! வால் போற பக்கமே ஒடி!"

ஒடித்தேன். நேரானது. ஜீப் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் மாமா டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை போட்டார். பனி நாட்டில் மணல் மூட்டை போடுவார்களாம். ஏற்றத்துக்குச் சரி, நழுவ ஆரம்பித்தால் அதே மூட்டை வாலை இன்னும் வேகமாக வீசாதா? மேலேயே இரண்டாவது கியரைப் போட்டு, மெதுவாக இறங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க மக்களே!