நிப்பு முனைக்கு ஒரு கூலி

சாத்தூர் என்றதும் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் தீப்பெட்டியும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. பேனா நிப்பை நினைப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வைப்பாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் சிறு பட்டறைகள்தான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மைப் பேனாக்களுக்கு நிப்பு கொடுத்தன. பால்பாயிண்ட் வந்தது, எழுதித் தீர்ந்ததும் தூக்கிப்போடும் பேனா வந்தது, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. எஞ்சியிருக்கும் பட்டறை வேலையைப் பார்க்கத்தான் அங்கே போனேன். சென்னையில் நிப்புகளைத் தேய்த்துச் சீராக்கித் தருபவர்களின் மேசைகளையும் பார்த்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியானது. எழுதுகிறவரின் கைக்கும் எழுத்துக்கும் ஏற்றபடி நிப்பைச் சீராக்குவதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நிப்பு செய்யும் வேலையின் கடைசிப் படி அது. அந்தப் படிக்கு நாம் ஒருபோதும் கூலி கொடுத்ததில்லை. நம்மூர் நிப்பு பெயரெடுக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பட்டறை வேலை எளிமையாகத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நுணுக்கம் புரியும். மெல்லிய ஸ்டீல் பட்டையைக் கை பிரஸ்ஸுக்கு அடியில் நகர்த்திக்கொண்டே ஒரு கை போகும். மறு கை மேலிருக்கும் கைப்பிடியை வீசி இழுக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் இலை வடிவத்தில் ஒரு தகடு விழும். அடுத்த டையில் நடுவில் துளை விழுகிறது, அதற்கடுத்ததில் பெயர் பதிகிறது, பிறகு தட்டையான தகடு வளைந்து நிப்பின் முதுகு உருவாகிறது. கடைசியில் துளையிலிருந்து முனை வரை பிளவு கீற வேண்டும். அது தலைமுடி அளவு ஒரு பக்கம் ஒதுங்கினாலும் நிப்பின் இரண்டு கால்களும் சமமாக இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் உலகத்துக்கே ஸ்டீல் நிப்பு செய்து அனுப்பியபோதும் வேலை கிட்டத்தட்ட இதே முறையில்தான் நடந்தது. அங்கே பிரஸ்ஸில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விலை குரோஸ் கணக்கில், அதாவது 144 நிப்புக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. அந்தக் கணக்குக்குள் ஒரு அநியாயம் இருக்கிறது. குரோஸுக்குக் கூலி வாங்குகிறவர் ஒரு நிப்பில் அரை நிமிடம் கூடுதலாக நின்றால் அந்த அரை நிமிடம் அவருடைய நஷ்டம். அப்படியிருந்தும் அனுபவம் உள்ளவர்கள் நிப்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக அழுத்தி, இரண்டு கால்களும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சேர்கின்றனவா என்று பார்க்கிறார்கள். தரம் என்பதே அந்த நகத்தின் மேல்தான் தீர்மானமாகிறது. அந்தப் பார்வைக்கு ரசீதில் இடமில்லை.

நிப்பின் முனையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். விலை கூடிய நிப்புகளின் நுனியில் கடினமான உலோகக் கலவையில் ஒரு சிறு குண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். 1803இல் ஆஸ்மியம், இரிடியம் என்ற இரு தனிமங்களை ஸ்மித்சன் டென்னன்ட் கண்டறிந்த பிறகுதான் இப்படி ஒரு முனை சாத்தியமானது. இன்றைய நிப்புகளில் ‘இரிடியம் பாயிண்ட்’ என்று பொறித்திருந்தாலும் பெரும்பாலானவற்றில் ரூத்தீனியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவையே இருக்கிறது. அந்தக் குண்டைச் சக்கரத்தால் இரண்டாகப் பிளந்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புகிறார்கள். தொழிற்சாலையில் மெருகு ஏற்றும்போது பிளவின் உள்ளோரங்களும் சேர்ந்து உருண்டுவிடுவது உண்டு. அப்போது மை பிளவுக்குள்ளேயே நின்றுவிடும். நிப்பு தாளைத் தொடும், மை தொடாது. கையில் வைத்து இழுத்தால் வழுவழுப்பாக ஓடும் நிப்பு, எழுதத் தொடங்கும்போது முதல் கோட்டை விட்டுவிடும். இதைச் சரிசெய்ய ஒரே வழி, நுனியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்த்து அந்த உருட்டலை எடுத்துவிடுவதுதான். சீராக்குகிறவர்கள் மிக நுண்ணிய தேய்ப்புத் தாளின் மேல் நிப்பை எட்டுப்போலச் சுழற்றி, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை லென்ஸில் பார்த்து, மையில் தொட்டு எழுதிப் பார்த்து, மறுபடி தேய்க்கிறார்கள். மை குறைவாக வந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டைப் பிளவுக்குள் விட்டு இழுத்துக் கால்களைச் சற்று விரிக்கிறார்கள். நிப்புக்கு மை கொண்டுவரும் ஃபீட் எபோனைட்டாக இருந்தால் வெந்நீரில் இளக்கி நிப்போடு ஒட்ட அழுத்துகிறார்கள். ஒரு சுற்று கூடுதலாகத் தேய்த்தால் போனது போனதுதான். எப்போது நிறுத்த வேண்டும் என்ற அறிவுக்குத்தான் அங்கே விலை.

இந்த அறிவை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பது அடுத்த கேள்வி. நிப்பு பற்றிய நூல்களும் விளம்பரங்களும் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனதில் வைத்தே பேசுகின்றன. தட்டையாகத் தேய்த்த நிப்பு நெடுங்கோட்டைத் தடிப்பாகவும் குறுக்குக்கோட்டை மெல்லியதாகவும் காட்டும். ஆங்கிலக் கையெழுத்துக்கு அது அழகு. அதே நிப்பை எடுத்து ‘கண்ணன்’ என்று எழுதிப் பாருங்கள். ண எழுத்தின் சுழிகளில் நிப்பு கீழிருந்து மேலேயும் வலமிருந்து இடமாகவும் தள்ளப்படுகிறது. தட்டை முனையின் கூர்விளிம்பு அந்த இடத்தில் தாளைக் கீறும், நாரைப் பிடுங்கும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 1.1 மில்லிமீட்டர் தட்டை நிப்பால் சாதாரணக் கோடு போட்ட நோட்டில் எழுதினால் ண, ஞ, ஐகாரக் கொம்பு ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் ணை, லை, னை, ளை ஆகியவற்றின் பழைய துதிக்கை வடிவம் அச்சிலிருந்து மறைந்தது. பழகிய கைகள் இன்றும் அதைத்தான் எழுதுகின்றன, அது இன்னும் பெரிய வளைவு. எல்லாவற்றையும்விடக் கடுமையான சோதனை புள்ளி. தமிழில் சில எழுத்துக்கு ஒருமுறை பேனாவைத் தூக்கி, மேலே சென்று, இழுக்காமல் தொட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. நான் சொன்ன உள்ளோரம் உருண்ட நிப்பு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை முழுவதும் தாளைவிட்டு எழாமல் ஓடித் தப்பித்துக்கொள்ளும். தமிழில் முதல் வரியிலேயே இரண்டு புள்ளி காணாமல் போகும். ஆகவே தமிழ் எழுதும் நிப்புக்கு என் கணிப்பில் மூன்று தேவைகள் உண்டு. எல்லாத் திசையிலும் தள்ளக்கூடிய உருண்ட வெளி விளிம்பு வேண்டும், அரை மில்லிமீட்டரை ஒட்டிய கோடு வேண்டும், தொட்ட மாத்திரத்தில் மை இறங்க வேண்டும். கொஞ்சம் தடிப்பு–மெலிவு அழகு வேண்டும் என்பவர்கள் ஓரம் நன்றாக மழுக்கிய தட்டை முனையைக் கேட்டு வாங்கலாம்.

இது தமிழுக்கு மட்டும் கேட்கும் தனிச் சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். நிப்புத் தொழில் செழித்த இடங்களிலெல்லாம் எழுத்தையும் வேலையையும் பார்த்தே நிப்பு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எஸ்டர்புரூக் நிறுவனம் பேனாவின் கழுத்திலிருந்து திருகி மாற்றக்கூடிய நிப்புகளை எண் போட்டு விற்றது. 1555 கிரெக் சுருக்கெழுத்துக்காரர்களுக்கு. 9461 கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுகிறவர்களுக்கான விறைத்த நிப்பு. 9128 அழுத்தினால் விரியும் நெகிழ்வான நிப்பு. கணக்கெழுதுபவருக்கும் மாணவருக்கும் தனித்தனி எண்கள் இருந்தன. மலிவு வரிசைகளில் ஸ்டீலையே மடித்து முனையாக்கினார்கள், 9000 வரிசையில் கடின உலோக முனை வைத்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் இந்த எண்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அவர்கள் சேர்ப்பதை வீண் ஆசை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. சாதாரண குமாஸ்தாவின் கைக்கும்கூடத் தனி நிப்பு உண்டு என்று ஒரு காலம் நம்பியதற்கான சாட்சியம் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது. ஜப்பானில் செய்லர் நிறுவனத்தின் நொபுயோஷி நாகஹாரா ‘நாகினாதா’ என்ற முனையைத் தேய்த்துப் புகழ்பெற்றார். முனை நீண்டு சரிந்திருக்கும். பேனாவை நிமிர்த்திப் பிடித்தால் மெல்லிய கோடு, சாய்த்தால் தடித்த கோடு. சீன வடிவ எழுத்துகளின் நிறுத்தமும் வீச்சும் தூரிகையில் வருவதுபோல நிப்பிலும் வர வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. தமிழ்ச் சுழிகளுக்கு என்று யாரும் அப்படி உட்கார்ந்து ஒரு முனையைத் தேய்த்துப் பெயர் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிப்பைக் கைக்கேற்பச் சீராக்க வேண்டும் என்பதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, நம் வீடுகளிலேயே கேட்டுப் பழகியது: பேனா எழுத எழுதத் தானே கைக்குப் பழகிவிடும், அதனால்தான் பேனாவை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள். கடின முனை இல்லாத பழைய ஸ்டீல் நிப்புக்கு அது உண்மை. சில மாதங்களிலேயே அது எழுதுகிறவரின் சாய்வுக்குத் தேய்ந்துவிடும். பிள்ளைகள் புது நிப்பைச் சிமென்ட் தரையில் தேய்த்ததும், அடைத்த பிளவில் அரை பிளேடை விட்டு இழுத்ததும் அதே வேலையைக் குறுக்குவழியில் செய்யத்தான். கடின முனை உள்ள நிப்பு அப்படித் தேயாது. வருடக்கணக்கில் காத்திருந்தாலும் அதன் பிழை அப்படியே இருக்கும். கைக்குப் பழக வேண்டும் என்ற ஆசை நியாயம், அதைக் காலத்திடம் விடாமல் ஒரு தொழிலாளியிடம் கொடுங்கள் என்கிறேன். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தேய்த்தால் முனை குறைகிறது, திரும்ப ஒட்டுவது அரிது, பழைய நிப்பாக இருந்தால் அதன் வரலாற்று மதிப்பும் போகிறது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அரிய பழைய நிப்பை உருமாற்றித் தேய்ப்பது தவறு. கால்களைச் சமப்படுத்துவதும் மை ஓட்டத்தைச் சரிசெய்வதும் மட்டுமே அதற்குப் போதும், அவற்றில் உலோகம் எதுவும் குறைவதில்லை. உருவத்தையே மாற்றும் தேய்ப்பை இன்று கடையில் கிடைக்கும் புது ஸ்டீல் நிப்புகளில் செய்யலாம். கெட்டாலும் இன்னொன்று வாங்கலாம்.

இயந்திரத்தின் துல்லியம் வந்தபிறகு கை எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல இயந்திரம் ஆயிரம் நிப்புகளை ஒரே மாதிரி செய்யும், உண்மைதான். எழுதுகிறவர்கள் ஒரே மாதிரி இல்லையே. பால்பாயிண்டில் பழகியவர் பேனாவை நிமிர்த்திப் பிடித்து அழுத்துகிறார். மைப் பேனாவில் வளர்ந்தவர் சாய்த்துப் பிடித்து எடையில்லாமல் எழுதுகிறார். இடக்கைக்காரர் தள்ளி எழுதுகிறார். நம்மூர் மலிவுத் தாளில் மை ஊறிப் பரவும். அதில் எழுதுகிறவருக்கு மை குறைவாக இறங்கும் நிப்பு வேண்டும். இவ்வளவையும் ஒரு டைக்குள் அடக்க முடியாது. சீராக்குகிறவர் முதலில் செய்வது, உங்களை எழுதச் சொல்லிவிட்டுக் கையைப் பார்ப்பதுதான்.

திருவள்ளூரில் லேத்தில் கையால் கடையும் எபோனைட் பேனாக்கள் உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் போகின்றன. உடல் நம் ஊர் உழைப்பு. ஆனால் அவற்றில் பலவற்றின் கழுத்தில் பெர்லினின் ஜோவோ நிப்போ ஹைடெல்பெர்க்கின் போக் நிப்போ செருகியிருக்கிறது. விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர் பெட்டியைத் திறந்ததும் எழுத வேண்டும், அந்த நிப்புகள் அதற்கு உத்தரவாதம் தருகின்றன. அதே மாநிலத்தில் நிப்பு செய்யும் சாத்தூர் இருந்தும் அந்தப் பேனாவும் இந்த நிப்பும் இணையவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. கடின முனை பற்றவைக்கும் வசதி இல்லாதது ஒரு காரணம். குரோஸ் விலைக்கு ஓட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு நிப்பையும் பார்த்து முடிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றாதது இன்னொரு காரணம். வெளிநாடுகளில் நிப்பைத் தேய்த்துத் தருபவர்கள் தனிக் கூலி வாங்குகிறார்கள்; ஒரு ஸ்டீல் நிப்பின் விலையைவிட அது பல மடங்கு அதிகம், அதையும் வாடிக்கையாளர்கள் காத்திருந்து கொடுக்கிறார்கள். இங்கே பேனா வாங்கும்போதே ‘கொஞ்சம் பார்த்துக் கொடுங்க’ என்று சொல்லி அதே வேலையை இலவசமாகக் கேட்கிறோம். இலவசமாகக் கேட்கும் வேலையை யார் தன் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பார்?

கையால் எழுதுகிறவர்களே குறைந்துவிட்ட காலத்தில் இது யாருக்கு என்று கேட்கலாம். எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் தேர்வு எழுதும் மாணவர்கள், நாட்குறிப்பு எழுதுகிறவர்கள், முதல் வரைவைக் கையால் எழுதியே பழகிய எழுத்தாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஊருக்கு ஒரு மேசையை வாழவைக்க அவர்களே போதும். ஆயிரம் பட்டறைகளைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேனா விற்கிறவர்கள் எழுதிப்பார்க்கும் தாளில் ஆங்கிலச் சுழியைக் கிறுக்கிக் காட்டாமல் ‘எண்ணெய்’, ‘ஞானம்’ என்று எழுதிக் காட்டட்டும், புள்ளி விழுகிறதா என்று வாங்குகிறவர் பார்க்கட்டும். விழவில்லையென்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சீராக்கித் தரச் சொல்லுங்கள், எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள், சொன்ன தொகையைப் பேனா விலையில் சேர்க்காமல் தனியாக, அந்த வேலையைச் செய்தவரின் கையிலேயே கொடுங்கள்.