பனந்தோப்புக் கள்ளுக்கடை

எங்க ஊர்ல 1986 வரைக்கும் கள்ளுக்கடை இருந்துச்சு. பனந்தோப்புக்குள்ள ஒரு ஓலைக் கொட்டகை, அவ்வளவுதான். மண் மொந்தையில ஊத்திக் குடுப்பாங்க. நுரையையும் அதுல செத்துக் கெடக்கிற தேனீயையும் வாயால ஊதி ஒதுக்கிட்டு ஒரே மூச்சுல இறக்குவாங்க. தொட்டுக்கக் குடல் வறுவல். காரம் உச்சியில ஏறும்.

மீசைக்கார மாமா ஒருத்தர். ரெண்டாவது மொந்தையில எம்.ஜி.ஆர். கட்சி, மூணாவதுல கலைஞர் கட்சி. நடுவுல யாராச்சும் வாயைத் திறந்தா வேட்டியை மடிச்சுக் கட்டிருவாரு. "வாடா மாப்ள, இன்னைக்கு உன்னைய விடறதில்ல"ன்னு கட்டிப் புரண்டவங்க, மறுநாள் காலையில ஒரே பீடியை மாத்தி மாத்தி இழுத்துட்டு உக்காந்திருப்பாங்க. (அத்தைகளுக்கு இது வேடிக்கை இல்லை. கூலிக்காசு கேட்டு அவங்க கொட்டகை வாசல்ல நின்னதையும் பார்த்திருக்கேன்.)

1987 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை. பக்கத்துல கேரளாவுல இன்னும் லைசென்ஸோட விக்குது. இங்க 2003-லிருந்து மது சில்லறை விற்பனை மொத்தமும் அரசோட டாஸ்மாக் கையில. குடி குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியல. எங்க ஊர்ல மரம் ஏறினவங்க பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க.